எண்பது டாலர் குதிரை



ஒன்றாம் வகுப்பில் ஒருநாள் 'கு' என்ற எழுத்தைச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தேன். குதிரைப் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி துள்ளி எழுந்து, "மதுரை வீரன் சாமியோட வாகனம், ஐயா!" என்றாள். வகுப்பு முழுதும் ஆமாம் போட்டது. பிறகு அவளே சற்று யோசித்துவிட்டு, "உயிரோட இருக்கிற குதிரையும் உண்டா ஐயா? அது என்ன வேலை செய்யும்?" என்றாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆடு மாடுகளை அறிவார்கள். குதிரையைக் கோயில் வாசலில் சுதையாகத்தான் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கோ குதிரை என்றதும் பந்தயத் திடல்தான் நினைவுக்கு வரும். சம்பளத்தன்று அங்கே போய் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் கதை ஒவ்வொரு லயத்திலும் ஒன்றிரண்டு உண்டு.

இன்று நான் சொல்ல வருவது பந்தயக் குதிரையின் கதையல்ல. தடை தாண்டும் குதிரை ஒன்றின் கதை. அமெரிக்காவில் நடந்த உண்மைச் சம்பவம். எலிசபெத் லெட்ஸ் என்ற அம்மையார் 2011ஆம் ஆண்டு இதைப் புத்தகமாக எழுதினார். 2015இல் ஆவணப் படமாகவும் வந்தது. சென்ற பள்ளி விடுமுறையில் அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. ஏன் தூக்கமில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஹேரி டிலேயர் என்பவர் ஹாலந்து நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950ஆம் ஆண்டு, மனைவியோடு பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கையில் இருந்த காசு மிகக் கொஞ்சம். முதலில் புகையிலைத் தோட்டத்தில் வேலை. பிறகு குதிரைப் பண்ணைகளில் வேலை. கடைசியில் நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் என்ற தீவில், பெண்கள் படிக்கும் ஒரு பள்ளியில் குதிரையேற்ற ஆசிரியராக அமர்ந்தார். சஞ்சிக் கூலியாய்ப் போன நம் பாட்டன் பூட்டன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஊர்விட்டு ஊர் போய்க் காட்டு வேலையில் தொடங்கியவரின் பாடு என்னவென்று சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பழகுவதற்குச் சாதுவான குதிரை ஒன்று தேவைப்பட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் நியூ ஹாலந்து என்ற ஊரில் குதிரை ஏலம் நடக்கும். பனிக் காலத்தில் அவ்வளவு தூரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்து விட்டது. நல்ல குதிரைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் வேண்டாமென்று தள்ளிய குதிரைகள் மட்டும் ஒரு லாரியில் ஏற்றப்பட்டிருந்தன. அந்த லாரி போகும் இடம் அறுப்புக் கொட்டகை.

டிலேயர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். உழவு வேலை செய்து ஓய்ந்த ஒரு சாம்பல் நிறக் குதிரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. உடம்பெல்லாம் அழுக்கு. மார்பில் கலப்பை வாரின் தழும்பு. ஆனால் அதன் கண்ணில் மிரட்சியில்லை. அமைதியாக நின்றது. பிள்ளைகளுக்கு ஏற்ற குணம் என்று அவர் மனதில் பட்டது. கீழே இறக்கச் சொல்லிப் பார்த்தார். விலை 80 டாலர் என்று பேசி முடித்தார். அன்றைய மலாயாக் காசுக்கு ஏறக்குறைய 245 வெள்ளி. லாரியில் நின்ற மற்றக் குதிரைகள் தங்கள் வழியே போய்விட்டன.

குதிரை வீட்டுக்கு வந்து இறங்கியபோது பனி பெய்து அதன் முதுகெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அதைப் பார்த்த அவர் வீட்டுப் பிள்ளைதான் 'ஸ்னோமேன்', அதாவது பனி மனிதன் என்று பெயர் வைத்தது. குளிப்பாட்டி, லாடம் அடித்து, தீனி போட்டுத் தேற்றினார்கள். பள்ளி மாணவிகள் அதன் மேல் ஏறிப் பழகினார்கள். யார் ஏறினாலும் பொறுமையாக நடக்கும். டிலேயரின் சின்னஞ் சிறு பிள்ளைகள் வரிசையாக அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு கடலில் நீந்தப் போவார்களாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். பள்ளி விடுமுறை வரப்போகிறது. வேலையில்லாத குதிரைக்குத் தீனி போடக் கட்டாது. பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் கேட்டார். வாங்கியதுபோல் இரு மடங்கு விலைக்கு டிலேயர் அதை விற்று விட்டார். ஆம், விற்றுத்தான் விட்டார். குதிரையோடு பிறந்து குதிரையோடு வளர்ந்த அந்த மனிதருக்கும், அதனிடம் என்ன இருக்கிறது என்பது முதலில் தெரியவில்லை.

மறுநாளே டாக்டரிடமிருந்து புகார். குதிரை வேலி தாண்டி ஓடிவிட்டது, அடுத்தவர் தோட்டங்களை மிதித்துப் பாழாக்குகிறது என்று. தேடிப் பார்த்தால் அது டிலேயரின் கொட்டிலில் வந்து நிற்கும். பல மைல் தூரம். திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். டாக்டர் வேலியை உயர்த்தினார். மறுபடியும் வந்தது. கழுத்துக் கயிற்றில் கார் டயரைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். டயரையும் இழுத்துக்கொண்டு, வேலியையும் தாண்டிக்கொண்டு வந்து நின்றது.

டாக்டருக்கு அது அடங்காத குதிரை. டிலேயருக்கோ அப்போதுதான் பொறி தட்டியது. கலப்பை இழுத்த குதிரை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், முதுகில் ஆளில்லாமல், இத்தனை உயர வேலியை எப்படித் தாண்டுகிறது? மேலும் ஒன்று. எத்தனையோ வீடுகள் இருக்க, அது ஏன் இங்கேயே வருகிறது? அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் குதிரையை மீட்டுக்கொண்டார்.

அதன் பிறகு தொடங்கியது பயிற்சி. தரையில் போட்ட கட்டைகளைத் தாண்டச் சொன்னால் தட்டுத் தடுமாறும். தாழ்ந்த தடையை அது மதிப்பதே இல்லை. தடையை உயர்த்திக்கொண்டே போனால் தான் அதன் உடம்பில் விறுவிறுப்பு வரும். எளிய கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, கடினமான கணக்கைக் கொடுத்தால் நிமிர்ந்து உட்காரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஜாதி.

இனி, அந்த வாரக் கடைசியைப் பற்றிச் சொல்கிறேன்.

தடை தாண்டும் போட்டி எப்படி நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய திடல் ஒன்றில் மரச் சட்டங்களால் ஆன தடைகளை நிறுத்தியிருப்பார்கள். சில நம் இடுப்பளவு, சில நெஞ்சளவு, சில அதற்கும் மேல். சட்டங்கள் தாங்கிகளில் சும்மா வைக்கப்பட்டிருக்கும். குளம்பு பலமாக இடித்தால் விழுந்து விடும். விழுந்தால் குறைப்புள்ளி. அக்காலத்து அமெரிக்கப் போட்டிகளில் கால் உரசினால் கூடக் குறைப்புள்ளி போட்ட பிரிவுகள் உண்டு. தவறில்லாமல் சுற்றி வந்தவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால், தடையை இன்னும் உயர்த்தி மறுபடி தாண்டச் சொல்வார்கள். வென்ற குதிரைக்கு நீல நிற ரிப்பன். இரண்டாவதுக்குச் சிவப்பு. அந்தத் துண்டு ரிப்பனுக்காகத்தான் இத்தனை பாடும்.

டிலேயர் பள்ளி ஆசிரியர். வார நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். போட்டிக்குப் போவதெல்லாம் சனி ஞாயிறுகளில். மனைவி, மக்கள், குதிரை எல்லோரும் சேர்ந்தே புறப்படுவார்கள். மற்றக் குதிரைகளுக்குச் சொந்தக்காரர்கள் பெரும் பணக்காரர்கள். குதிரையைக் கழுவ ஓர் ஆள், தீனி வைக்க ஓர் ஆள், ஏறி ஓட்டச் சம்பளத்துக்கு ஓர் ஆள் என்று வைத்திருப்பார்கள். டிலேயர் குடும்பத்தில் எல்லா வேலையும் கைவேலைதான். குளம்பைச் சுரண்டுபவரும் அவரே, திடலில் ஏறி ஓட்டுபவரும் அவரே.

1958ஆம் ஆண்டு, லாங் ஐலண்டில் சாண்ட்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த போட்டி அது. மாளிகைகள் நிறைந்த கடற்கரை ஊர். அங்கேதான் ஸ்னோமேன் நாட்டின் பேர்பெற்ற குதிரைகளோடு முதன்முறையாகப் பெரிய பிரிவில் இறங்கியது. அவற்றுள் ஒன்று ஆண்டாண்டே என்ற குதிரை. பல வெற்றிகளைக் கண்டது. ஒய்யாரமாக நிற்கும் அந்தக் குதிரைகள் நடுவே, அகன்ற மார்பும் கனத்த காலுமாக உழவுக் குதிரை போய் நின்றதை மனக் கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். நகரப் பள்ளிக்கு முதல்நாள் போகும் தோட்டத்துப் பிள்ளைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் மணி அடித்ததும் கதை மாறியது. தவறில்லாமல் ஒரு சுற்று. தவறில்லாமல் இன்னொரு சுற்று. ஆண்டாண்டேக்குச் சமமாக நின்றது. அந்த நேரத்தில்தான் சோதனை வந்தது. ஒரு தாவலில் சரியாக இறங்காமல் காலில் அடிபட்டுவிட்டது. பொழுது சாயும்போது கால் வீங்கிப்போனது. மறுநாள் திடலில் இறங்க முடியாது என்றே பார்த்தவர்கள் எண்ணினார்கள்.

பணக்காரர் கொட்டிலாக இருந்தால் மாற்றுக் குதிரை இருக்கும். டிலேயருக்கு ஏது? அவர் ஒரு டயரின் உள்டியூபை அறுத்து எடுத்தார். அதைக் குதிரையின் காலில் மாட்டி, அடிப்பக்கத்தை இறுகக் கட்டி, மேலே வாய் வைத்து, அதற்குள் ஐஸ்கட்டியைக் கொட்டினார். ஐஸ் கரையக் கரைய மேலும் கொட்டினார். இரவு முழுதும் இதே வேலை. குதிரையும் காலை உதறாமல் நின்றது. நம் ஊர்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டு இருப்பார்களே, அதே வேலைதான்.

விடிந்தது. தொட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்து கால் பழையபடி இறுகியிருந்தது. நடக்க விட்டார். நொண்டவில்லை. கடைசி நாள் திடலில் இறங்கி ஆண்டாண்டேயைத் தோற்கடித்து ரிப்பனை வாங்கியது அந்த 80 டாலர் குதிரை.

அதே 1958ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் தேசியப் போட்டி நடந்தது. அது அந்தப் போட்டியின் 75ஆவது ஆண்டு நிறைவு. கடைசிவரை ஸ்னோமேனுக்கு ஈடு கொடுத்தது ஃபர்ஸ்ட் சான்ஸ் என்ற குதிரை. அந்தப் பெயருக்கு முதல் வாய்ப்பு என்று பொருள். நம் குதிரையோ இரண்டாம் வாய்ப்பில் உயிர் பிழைத்தது. இரண்டாம் வாய்ப்புத்தான் ஜெயித்தது. லாரியிலிருந்து இறங்கி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை, அது நாட்டின் தடை தாண்டும் குதிரைகளில் முதலிடம் பெற்றது. அடுத்த ஆண்டு, 1959இலும் ஆண்டின் சிறந்த குதிரை என்ற பட்டம் அதற்கே கிடைத்தது.

ஒருவர் 1 லட்சம் டாலர் தருகிறேன், குதிரையைக் கொடு என்று கேட்டாராம். டிலேயர் மறுத்துவிட்டார். ஒருமுறை விற்றுப் படித்த பாடம் போதும் என்று நினைத்திருப்பார். வெற்றிக்குப் பிறகும் அவருடைய பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி நீந்தத்தான் போனார்கள். 1974ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அது இறந்தது. 1992இல் அமெரிக்கத் தடை தாண்டல் துறையின் புகழ் மண்டபத்தில் அதன் பெயரைச் சேர்த்தார்கள். டிலேயர் 2021ஆம் ஆண்டு, தம் 93ஆவது வயதில் மறைந்தார்.

கதை இவ்வளவுதான். இனி, எனக்குத் தூக்கம் போன காரணத்தைச் சொல்கிறேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன், நான் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு இந்தத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிது. என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் நகரத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனான். புதுமுக வகுப்பு. மாமா வீட்டில் தங்க வைத்தார்கள். இரண்டு வாரத்தில் ஓடி வந்துவிட்டான். செம்பனைக் காட்டு வழியே ஒன்பது கட்டை தூரம் நடந்தே வந்திருக்கிறான். அப்பா அடித்துக் கொண்டுபோய் விட்டார். மறுபடியும் வந்தான். மூன்றாம் முறை வந்தபோது அப்பா அவனை என் வீட்டுக்கே இழுத்து வந்தார்.

"வாத்தியாரையா, நீங்கதான் ஒரு முடிவு சொல்லணும்" என்றார்.

நான் முடிவு சொன்னேன். "இவனுக்குப் படிப்பு ஏறாது. வேறு வேலைக்குப் பழக்குங்கள்" என்றேன். தோட்டத்தில் வாத்தியார் சொல் என்பது நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி. அந்தப் பையன் அதன்பிறகு பள்ளிக்குப் போகவில்லை. சில நாளில் அப்பாவோடு பெரட்டுக்களத்தில் நின்றான்.

இன்று அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். நல்ல உழைப்பாளி. இந்த ஆண்டு தம் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தார். பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் தயங்கி நின்றார். பழைய கதையைப் பேச்சுவாக்கில் நான்தான் எடுத்தேன். "ஏம்ப்பா, அப்ப எதுக்கு அப்படி ஓடி ஓடி வந்தே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவரும் சிரித்தார். "அங்க மலாய்ல நடத்துறது ஒண்ணும் புரியல ஐயா. கேட்டா மத்தப் பிள்ளைங்க சிரிப்பாங்க. உங்ககிட்ட வந்தா நீங்க தமிழ்ல சொல்லிக் கொடுப்பீங்கன்னுதான் நடந்து வந்தேன். அன்னிக்கு அப்பா முன்னால அதச் சொல்ல பயமா இருந்துச்சு" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னார். எனக்குத்தான் வாயடைத்துப் போயிற்று. ஒன்பது கட்டை தூரம், மூன்று முறை, அந்தப் பிள்ளை என்னைத் தேடி நடந்து வந்திருக்கிறான். நான் கண்டதெல்லாம் வேலி தாண்டும் அடங்காப்பிடாரி ஒருவனை.

டிலேயரும் ஒருமுறை தவறினார். ஆனால் குதிரை திரும்பி வந்தபோது 'ஏன் வருகிறது?' என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. தவறு தெரிந்ததும் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து மீட்டார். காலில் அடிபட்டபோது இரவெல்லாம் விழித்திருந்தார். நல்ல ஆசிரியர் முதல் பார்வையிலேயே எல்லாவற்றையும் கண்டுவிடுவார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. தான் சொன்னதைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறவரே நல்ல ஆசிரியர். இது பெற்றோருக்கும் பொருந்தும்.

எல்லாப் பிள்ளையும் பட்டம் வாங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாக் குதிரையும் தடை தாண்டாது. ஆனால் பிள்ளை வகுப்பை விட்டு ஓடினால், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தால், பிரம்பை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். எதை விட்டு ஓடுகிறது, எதைத் தேடி ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருந்து கேளுங்கள். அப்பாவுக்கு முன்னால் சொல்லாததைப் பாட்டியிடம் சொல்லக்கூடும்.

மதுரை வீரன் குதிரையைக் காட்டிக் கேள்வி கேட்ட சிறுமி இருக்கிறாளே, அவள் அந்த லோரிக்காரரின் மகள். குதிரை என்ன வேலை செய்யும் என்று அவள் கேட்டதற்கு, ஸ்னோமேன் கதையைத்தான் வகுப்பில் பதிலாகச் சொன்னேன். டயரை இழுத்துக்கொண்டு வந்த இடத்தில் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அவள் மட்டும், "பாவம் ஐயா, அதுக்கு வீட்டுக்கு வரணும்னு ஆசை" என்றாள்.

இந்த மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையில் பள்ளிக் கதவைத் திறந்து வைக்கிறேன். நகரப் பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள், புரியாத பாடத்தை எடுத்துக்கொண்டு வரலாம். கட்டணம் இல்லை. முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருவனை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.